ரெசல்யூட் – கிரீஸ் ஃபியோர்ட் விமானம்: போக இரண்டரை மணி, வர அரை மணியா?

கயல்

வணக்கம். நான் ஒட்டாவாவில் செவிலியராக இருக்கிறேன். வரும் ஏப்ரலில் கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட்டின் கிரீஸ் ஃபியோர்ட் சுகாதார நிலையத்துக்கு மாற்றுப் பணிக்காகப் போகிறேன். ஒட்டாவாவிலிருந்து இக்கலுயிட், ஆர்க்டிக் பே வழியாக ரெசல்யூட் வரை எனக்குக் குழப்பம் இல்லை. கடைசித் துண்டுதான் பிடிபடவில்லை.

டிக்கெட்டில் இருப்பது இது. போகும்போது ரெசல்யூட்டில் காலை 10.00க்குப் புறப்பாடு, கிரீஸ் ஃபியோர்டில் 12.30க்கு வருகை. திரும்பும்போது கிரீஸ் ஃபியோர்டில் பிற்பகல் 1.30க்குப் புறப்பாடு, ரெசல்யூட்டில் 2.00 மணிக்கு வருகை.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரம் சொல்லும் இணையக் கணிப்பானில் தட்டிப் பார்த்தேன். 385 கி.மீ., பறக்கும் நேரம் 29 நிமிடம் என்று வந்தது. திரும்பும் பயணத்தின் அரை மணியோடு அது அப்படியே பொருந்துகிறது. அப்படியென்றால் போகும்போது மட்டும் இடையில் எங்கோ இறங்கிப் போகிறார்களா?

இதைக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. திரும்பும் அன்றே மாலை 4 மணிக்கு ரெசல்யூட்டிலிருந்து தெற்கே ஒரு விமானம் இருக்கிறது. அரை மணிப் பயணம்தான் என்றால் அதைத் தாராளமாகப் பிடித்துவிடலாம். அதற்கு மறுநாள் இரவு எனக்கு ஒட்டாவா மருத்துவமனையில் பணி. பதிவு செய்யலாமா? அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூரன்

கயல், இடையில் எங்கும் இறங்குவதில்லை. இது கடிகாரம் செய்யும் வேலை. நுனாவுட்டில் மூன்று நேரவலயங்கள் உண்டு. ரெசல்யூட் மத்திய நேரத்தில் இருக்கிறது, கிரீஸ் ஃபியோர்ட் கிழக்கு நேரத்தில், அதாவது ஒட்டாவாவின் நேரத்தில் இருக்கிறது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள்.

நீங்கள் 10 மணிக்குப் புறப்பட்டு ஒன்றரை மணி பறந்தால் ரெசல்யூட் கடிகாரத்தில் 11.30. கிரீஸ் ஃபியோர்ட் கடிகாரத்தில் அதுவே 12.30. திரும்பும்போது 1.30க்கு ஏறி ஒன்றரை மணி பறந்தால் கிரீஸ் ஃபியோர்டில் 3.00 மணி, ரெசல்யூட்டில் 2.00 மணி. ஆக இரண்டு பக்கமும் ஒன்றரை மணிதான். கணிப்பான் சொன்ன 29 நிமிடத்துக்கும் இந்த அரை மணிக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தற்செயலாக ஒத்துப்போயிருக்கிறது. அந்தத் தளங்கள் எல்லா விமானத்தையும் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஜெட்டாக வைத்துக் கணக்குப் போடுகின்றன. 385ஐ 800ஆல் வகுத்துப் பாருங்கள்.

2 மணிக்கு வந்திறங்கி 4 மணி விமானம் என்றால் இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது. போதும் என்றே நினைக்கிறேன்.

வேலு – விமானத் திருத்துநர்

செந்தூரன் நேரவலயத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார். கடைசி வரியை மட்டும் நான் கடுமையாக மறுக்கிறேன். பிள்ளை, அந்த 4 மணி விமானத்தைப் பதிவு செய்யாதீர்கள். மறுநாள் இரவுப் பணியையும் வேறு யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

ரெசல்யூட்டில் ட்வின் ஓட்டர் விமானங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். அந்தக் கணிப்பான்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோட்டை இழுத்து, அதற்கு ஒரு நிமிடக் கணக்கைக் கொடுத்துவிடுகின்றன. வடக்கே முதல் தடவை போகிறவர்கள் அதை நம்பி வேலையை, மருத்துவச் சந்திப்பை, சாவு வீட்டுக்குப் போகும் பயணத்தைக்கூட அதன்மேல் கட்டி வைக்கிறார்கள்.

முதலில் விமானம். நீங்கள் ஏறப்போவது டி ஹாவிலண்ட் கனடா நிறுவனம் கட்டிய ட்வின் ஓட்டர். அது முதன்முதலில் பறந்தது 1965இல். இரண்டு சுழலி இயந்திரங்கள், மடங்காத சக்கரங்கள், அதிகபட்சம் 19 இருக்கைகள். அவற்றிலும் பாதியைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றுவது வழக்கம். உள்ளே காற்றழுத்தம் கூட்டும் வசதி கிடையாது, ஆகவே பெரும்பாலும் பத்தாயிரம் அடிக்குக் கீழேதான் பறக்கும். வேகம் மணிக்கு 270 கி.மீ. என்று வையுங்கள். காற்று இல்லாத நாளில் 385 கி.மீ.க்கு ஒரு மணி 25 நிமிடம் ஆகும். எதிர்காற்று 50 கி.மீ. வேகத்தில் வீசினால் ஒன்றே முக்கால் மணி. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஒரு மணி 12 நிமிடம். 800 கி.மீ. வேகத்தில் போகும் ஜெட்டுக்கு இந்தக் காற்று சில நிமிட வித்தியாசம். நம் வண்டிக்கு அரை மணிக்கு மேல்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் கிரீஸ் ஃபியோர்டின் ஓடுபாதை. சரளைக்கல் பாதை, நீளம் ஏறத்தாழ அரை கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலை. மலையிலிருந்து காற்று இறங்கி வந்து பாதையின் குறுக்கே அடிக்கும். விமானி பாதையைக் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். மேகம் தாழ்ந்திருந்தாலோ, பனி பறந்து வெள்ளையும் வெள்ளையும் ஒன்றாகிவிட்டாலோ, அங்கே இறங்குவதைப் பற்றிய பேச்சே இல்லை.

அப்போது என்ன செய்வார்கள்? பக்கத்தில் வேறு ஊர் இல்லை. நுனாவுட்டின் 25 ஊர்களில் எந்த இரண்டையும் இணைக்கச் சாலை கிடையாது. ஆகவே ஊர் வரைக்கும் போய், சுற்றிப் பார்த்து, வந்த வழியே ரெசல்யூட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். மூன்று மணி நேரம் பறந்து, ஏறின இடத்திலேயே இறங்குவீர்கள். அதற்கான எரிபொருளைப் புறப்படும்போதே ஏற்ற வேண்டும்: போக, இறங்க முடியாமல் திரும்ப, அதற்கு மேல் சட்டம் கேட்கும் இருப்பு. மணிக்கு முந்நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும் இயந்திரங்கள் அவை. எரிபொருள் ஏற ஏற, ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் உள்ள எடை குறையும். காற்று பலமாக இருக்கும் நாளில் உங்கள் பெட்டி ஒன்று ரெசல்யூட்டிலேயே தங்கிவிட்டால் யாரோடும் சண்டை பிடிக்காதீர்கள். அந்த எடைக்குத்தான் நீங்கள் திரும்பி வருவதற்கான எரிபொருள் ஏறியிருக்கிறது.

இனி நான் செய்த வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் 10 மணிப் புறப்பாடு என்பது எங்கள் கையில்தான் இருந்தது. விமானம் இரவு முழுவதும் வெளியே நின்றிருக்கும். மைனஸ் முப்பதில் இயந்திர எண்ணெய் கெட்டியாகிவிடும். அதிகாலையில் ஹெர்மன் நெல்சன் என்று நாங்கள் சொல்லும் சூடேற்றியை இழுத்துக்கொண்டு வருவோம். எரிபொருளில் எரியும் அடுப்பும் விசிறியும், அதிலிருந்து இரண்டு தடித்த கித்தான் குழாய்களும் கொண்டது அது. குழாயின் வாயை இயந்திரத்தைப் போர்த்திய உறைக்குள் செருகி, காற்றுப் பறித்துவிடாதபடி கயிற்றால் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கையுறை இல்லாமல் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், கையுறையோடு சின்னத் திருகாணிகளைப் பிடிக்க முடியாது. இயந்திரம் சூடாகும் நேரத்தில் இறக்கைகளின் மேல் படிந்த உறைபனியைத் துடைத்து எடுப்போம். அது மெல்லிய படலமாக இருந்தாலும் விடக் கூடாது, இறக்கையின் தூக்கும் சக்தியை அது தின்றுவிடும். சக்கரங்களும் நின்ற இடத்தில் அடிப்பக்கம் தட்டையாகி இறுகியிருக்கும். ஓடத் தொடங்கியதும் தடதடவென்று அதிரும், பயந்துவிடாதீர்கள், கொஞ்ச தூரத்தில் உருண்டு சரியாகிவிடும். இவ்வளவும் முடிந்து விமானி தயாராகும்போது கிரீஸ் ஃபியோர்டிலிருந்து வானிலை வரும். "மேகம் இறங்கிவிட்டது" என்று வந்தால் உறையை மறுபடி போர்த்துவோம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: தூரம் 385 கி.மீ., பறக்கும் நேரம் ஒன்றரை மணி, பயணத்துக்கு ஒதுக்க வேண்டியது நாட்கள். திரும்பும்போது ரெசல்யூட்டில் குறைந்தது இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். அங்கிருந்து தெற்கே போகும் விமானமும் தினமும் கிடையாது, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது பல நாள் தள்ளி வரும்.

நிலவரைஞன்

நான் நில அளவை, வரைபடத் துறையில் இருக்கிறேன். கயல் கேட்காத ஒன்றைச் சேர்க்கிறேன், இந்த 385 கி.மீ.க்குள் அவ்வளவு விஷயம் இருக்கிறது.

தூரம் சரிதான். ரெசல்யூட் விமான நிலையம் 74.7 பாகை வடக்கு, 95 பாகை மேற்கு. கிரீஸ் ஃபியோர்ட் 76.4 பாகை வடக்கு, 82.9 பாகை மேற்கு. தீர்க்கரேகையில் மட்டும் 12 பாகை வித்தியாசம். நிலநடுக்கோட்டில் அது 1,300 கி.மீ.க்கு மேல் வரும். அங்கே ஒரு பாகைக்கு 28 கி.மீ.கூட இல்லை, ஏனென்றால் தீர்க்கரேகைகள் தோடம்பழச் சுளைகளைப் போல முனையை நோக்கிக் குவிந்துகொண்டே போகின்றன. தீர்க்கரேகைகளை இணைகோடுகளாக வரையும், சுவரில் தொங்கும் மெர்கேட்டர் உலகப்படத்தில் இந்த இரண்டு ஊர்களும் அசல் இடைவெளியைப் போல நான்கு மடங்கு விலகித் தெரியும். கணிப்பானுக்கு இந்த ஒரு நன்றியைச் சொல்ல வேண்டும், தூரத்தையாவது அது சரியாகத் தருகிறது.

திசைக்கு வருவோம். ரெசல்யூட்டில் கிளம்பும்போது நேர்பாதையின் திசை உண்மை வடக்கிலிருந்து (அதாவது புவியின் வடமுனை இருக்கும் திசையிலிருந்து) சுமார் 55 பாகை. கிரீஸ் ஃபியோர்டை நெருங்கும்போது அதே நேர்பாதை 66 பாகை காட்டும். விமானம் நேராகத்தான் போகிறது, வடக்கு எது என்பதுதான் அதன் காலடியில் திரும்பிக்கொண்டிருக்கிறது. யாராவது தொடக்கத்து 55 பாகையை மாற்றாமல் கடைசி வரை பிடித்தால், ஊருக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தள்ளி எல்ஸ்மியர் தீவின் பனிமலைகளுக்கு மேல் போய் நிற்பார்கள். ஒன்றரை மணிப் பயணத்தில் இவ்வளவு பிசகு!

திசைகாட்டியின் ஊசியும் கைகொடுக்காது. காந்த வடமுனை கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதி இந்தத் தீவுகளுக்கிடையேதான் இருந்தது. இப்போது சைபீரியப் பக்கமாக நகர்ந்துவிட்டாலும், அங்கே பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டச் செங்குத்தாகவே கீழே இறங்குகிறது. ஊசியைக் கிடையாகத் திருப்பும் விசை மிகக் குறைவு. அதனால் கனடாவின் வடக்கு வான்பரப்பில் திசைகளை உண்மை வடக்கை வைத்தே சொல்கிறார்கள். ஓடுபாதை எண்களுக்குப் பின்னால்கூட அதைக் குறிக்கும் ஓர் எழுத்தைச் சேர்க்கிறார்கள்.

இதை ஏட்டுக் கணக்காக நினைத்துவிட வேண்டாம். 2011 ஆகஸ்ட் 20 அன்று ரெசல்யூட்டில் இறங்க வந்த போயிங் 737 ஒன்று ஓடுபாதைக்குக் கிழக்கே உள்ள குன்றில் மோதியது. 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். திசை காட்டும் கருவியின் அளவு பல பாகை பிசகியிருந்தது காரணங்களுள் ஒன்று என்று விசாரணையில் தெரிந்தது.

ஆதவன்

ஒரு சந்தேகம். ரெசல்யூட்டுக்கு 737 வந்திருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அங்கிருந்து கிரீஸ் ஃபியோர்டுக்கும் ஜெட்டையே விட்டால் அந்த 29 நிமிடம் உண்மையாகிவிடாதா?

வேலு – விமானத் திருத்துநர்

ஆகாது, ஆதவன். ரெசல்யூட்டின் ஓடுபாதையும் சரளைக்கல்தான், ஆனால் நீளம் இரண்டு கிலோமீட்டரை நெருங்கும். பழைய 737-200க்குச் சரளையில் இறங்குவதற்கென்றே ஒரு கவசத் தொகுதி இருந்தது. மூக்குச் சக்கரத்துக்குப் பின்னே ஒரு தட்டு, கல் தெறித்து வயிற்றில் அடிக்காமல் தடுக்க. இயந்திரங்களின் அடியில் காற்றை ஊதும் சிறு குழாய்கள், தரையிலிருந்து கல்லை உறிஞ்சாமல் காக்க. அவ்வளவு இருந்தும் அதற்குத் தேவையான நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிரீஸ் ஃபியோர்டில் கிடையாது. பாதையை நீட்டலாம் என்றால் கடலும் மலையும் இடம் விடவில்லை. இதற்கு மேல், 2021 கணக்கெடுப்பின்படி அந்த ஊரில் 144 பேர். ட்வின் ஓட்டரே அவர்களுக்குச் சரியான அளவு. மெதுவாக வந்து, குறுகிய இடத்தில் இறங்கி, மறுபடி எழும்பிப் போகக்கூடிய விமானம் அது. அதைப் பழையது, மெதுவானது என்று யாராவது குறை சொன்னால் எனக்கு மனம் பொறுக்காது.

கயல்

செந்தூரன் அண்ணா, நிலவரைஞன், வேலு ஐயா, எல்லாருக்கும் நன்றி. 4 மணி விமானத்தை எடுக்கவில்லை. பணியையும் தோழியிடம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஐயா, இன்னும் மூன்று கேள்விகள். ஏப்ரல் நல்ல மாதமா? பெட்டி பின்தங்கினால் கையில் என்ன இருக்க வேண்டும்? எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகப் பார்க்கலாம்?

வேலு – விமானத் திருத்துநர்

ஏப்ரல் நல்ல மாதம் பிள்ளை. நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை ரெசல்யூட்டில் சூரியனே எழும்பாது. கோடையில் கடல் திறந்துவிடும், மூடுபனி வந்து நாள் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஏப்ரலில் வெளிச்சம் நீளம், கடல் இன்னும் உறைந்திருக்கும், வானம் பல நாள் தெளிவாக இருக்கும். குளிர் மைனஸ் இருபதை ஒட்டி இருக்கும். அதற்குத் துணி போதும்.

உங்கள் கையோடு இருக்க வேண்டியவை: நீங்கள் தினமும் எடுக்கும் மருந்துகள், மூக்குக்கண்ணாடி, இரண்டு நாளுக்கு மாற்றுடை, கொஞ்சம் உலர்ந்த தின்பண்டம். தடித்த மேலாடையையும் காலணியையும் பெட்டியில் வைக்காதீர்கள், போட்டுக்கொண்டே ஏறுங்கள். விமானத்துக்குள் சூடு சீராக இருக்காது, தலைப்பக்கம் வேர்க்கும்போது பாதம் உறையும். காதில் வைக்கப் பஞ்சு கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், இரைச்சல் பலமாக இருக்கும். கழிப்பறையும் எதிர்பார்க்க வேண்டாம். இறங்க முடியாமல் திரும்பினால் மூன்று மணி நேரம் என்பதை மனதில் வைத்து, காலையில் தேநீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். கோர்ன்வாலிஸ் தீவைத் தாண்டி, உறைந்த வெலிங்டன் கால்வாயைக் கடந்து டெவன் தீவுக்கு மேல் வருவீர்கள். மனிதர் குடியில்லாத தீவுகளில் உலகிலேயே பெரியது அது. பாதையில் பாதி தூரம் வருவதற்கு முன்பு, வலப்புறம் இருபது கி.மீ. சொச்சம் தள்ளி ஹாட்டன் விண்கல் பள்ளம் இருக்கிறது. செவ்வாய்க் கோளுக்குப் போவதற்கான பயிற்சிகளை 1990களிலிருந்து அங்கே செய்கிறார்கள். பனி மூடியிருந்தால் பள்ளம் பிடிபடுவது கஷ்டம், தெளிவான நாளில் விமானியைக் கேட்டால் கை காட்டுவார். பிறகு ஜோன்ஸ் நீரிணை, அதன் அக்கரையில் எல்ஸ்மியர். அங்கே பனியாறுகள் மலையிலிருந்து கடலுக்கு இறங்குவது இடப்பக்கம் தெரியும். திரும்பும்போது பக்கத்தை மாற்றாமல் மறுபடி வலப்பக்கமே உட்கார்ந்தால் அதையும் பார்த்துவிடலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அங்கே நோயாளிகளைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதால். அந்த ஊர் மக்களின் முன்னோர் பலர் தாமாக விரும்பி அங்கே போனவர்கள் அல்லர். 1953இல் கனடா அரசு வடக்குக் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் பழங்குடிக் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, ரெசல்யூட், கிரீஸ் ஃபியோர்ட் என்ற இந்த இரண்டு இடங்களிலும் கொண்டுபோய் விட்டது. 1955இல் மேலும் சில குடும்பங்கள் வந்தன. வேட்டை நிறைய இருக்கும், இரண்டு வருடத்தில் விரும்பினால் ஊர் திரும்பலாம் என்று சொன்னார்கள். அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல். ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்டவர்களின் வலி நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. முதியவர்கள் பேசத் தொடங்கினால் ஊசி மருந்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ரெசல்யூட்டில் தங்கும் அறைகள் மிகச் சில. வசந்த காலத்தில் ஆராய்ச்சிக் குழுக்கள் வந்து அவற்றை நிரப்பிவிடும். போகும்போது ஓர் இரவுக்கும் வரும்போது மூன்று இரவுக்கும் இன்றைக்கே அழைத்துப் பதிவு செய்யுங்கள். விமான நிலையம் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், வண்டி அனுப்புவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.